தேர்டு பார்ட்டி போதுமா, பம்பர் டு பம்பர் வேண்டுமா?

வாசகர் கேள்வி: முடிச்சூரில் வசிக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன்பு பழைய கார் ஒன்று வாங்கினேன். பெட்ரோல் வண்டி, 1,197 சிசி. அடுத்த மாதம் நான்கு வயது முடிகிறது. ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. இன்சூரன்ஸ் மட்டும் முந்தைய ஓனர் பெயரிலேயே இருக்கிறது, அதுவும் அடுத்த மாதம் முடிகிறது. ஏஜென்ட் மூன்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் ரூ.4,450. காம்ப்ரிஹென்சிவ் ரூ.9,600. பம்பர் டு பம்பர் ரூ.13,200. பின்னால் சொன்ன இரண்டிலும் கிளைம் வாங்காததற்கான 45 சதவீத போனஸைக் கழித்துவிட்டதாகச் சொல்கிறார். "பழைய வண்டிக்குத் தேர்டு பார்ட்டி போதும், போலீஸ் பிடிக்காமல் இருந்தால் சரி" என்பது என் மாமனாரின் கருத்து. நானும் மனைவியும் ஓட்டுகிறோம். ஊருக்குப் போகும்போது ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்வோம். எந்த பாலிசி எடுப்பது? என் பைக்குக்குப் பல வருடமாக கிளைம் வாங்கியதில்லை. அந்த போனஸை இந்த காருக்கு மாற்ற முடியுமா?

வாகன இழப்பு மதிப்பீட்டாளர் பதில்:

மூன்று கொட்டேஷனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைவிட அவசரமான விஷயம் உங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் வந்திருக்கிறது. ஆர்.சி. உங்கள் பெயரில், பாலிசி முந்தைய ஓனர் பெயரில். இந்த நிலையில் இன்று உங்கள் வண்டி ஒரு லாரியில் மோதி நசுங்கினால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது. பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு வண்டியில் உரிமை இல்லை. யாருக்கு உரிமை இருக்கிறதோ அவர் பெயரில் பாலிசி இல்லை. கம்பெனி இரண்டு பேருக்கும் கையை விரித்துவிடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவுப்படி வண்டி கைமாறினால் தேர்டு பார்ட்டி பகுதி மட்டும் தானாகவே புது உரிமையாளருக்கு மாறிவிடும். அடிபடுகிற மூன்றாம் மனிதர் பாதிக்கப்படக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. வண்டி மாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்து பாலிசியையும் மாற்றியிருக்க வேண்டும். பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ. வேலையை முடித்துக் கொடுப்பார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். கெடு தாண்டிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்கே கம்பெனிக்குப் போய் ஆர்.சி. நகலைக் கொடுத்துப் பெயர் மாற்றம் கேளுங்கள். வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு மாற்றித் தருவார்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் உங்கள் பெயரில் புது பாலிசியையே போட்டுவிடுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாலிசி வகைகளைப் பெயரை வைத்துப் புரிந்துகொள்ளப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நஷ்டம் வந்தால் பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும்.

தேர்டு பார்ட்டியில் பணம் உங்கள் கைக்கு வரவே வராது. உங்கள் வண்டி மோதிக் காயம்பட்டவருக்கோ, இறந்தவரின் குடும்பத்துக்கோ, இடித்த சுவருக்கோ போகும். சட்டம் கட்டாயம் என்று சொல்வது இதை மட்டும்தான். இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை ரூ.2,000, அடுத்த தடவை ரூ.4,000 அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதன் பிரீமியத்தைக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. 2022 ஜூனில் அரசு அறிவித்த கட்டணப்படி 1,000 சிசிக்குக் கீழ் ரூ.2,094, 1,000 முதல் 1,500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. உங்கள் வண்டி நடுவில் வருகிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் நாலாயிரத்துச் சொச்சம். மிச்சத்துக்கு ஏஜென்ட் சேர்த்திருப்பது ஓனர் டிரைவர் விபத்துக் காப்பீடாக இருக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போலீஸ் அபராதத்தை வைத்து இதை எடைபோடுகிற உங்கள் மாமனார் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். மாதம் 25,000 ரூபாய் சம்பாதிக்கிற, 34 வயது சுயதொழில்காரர் ஒருவர் உங்கள் வண்டி மோதி இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா அவரை நம்பி இருக்கிறார்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படிதான் தொகையைக் கணக்கிடும். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 35,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 26,250. வருடத்துக்கு 3,15,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் 16. ஆக 50,40,000 ரூபாய். ஈமச்செலவு போன்றவை இதற்கு மேல். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தேர்டு பார்ட்டியில் உச்சவரம்பே கிடையாது, தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையும் கம்பெனி கட்டும். பாலிசி இல்லை என்றால் அந்த ஐம்பது லட்சத்துக்கு உங்கள் வீட்டுப் பத்திரத்தைத்தான் தேட வேண்டும். சொத்துச் சேதத்துக்கு மட்டும் காருக்கு ரூ.7.5 லட்சம் வரை என்று வரம்பு உண்டு. அதை ரூ.6,000 ஆகக் குறைத்துக்கொண்டால் பிரீமியத்தில் நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளலாம். சில கொட்டேஷன்களில் கேட்காமலே குறைத்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஆறாயிரத்துக்கு ஒரு ஸ்கூட்டரின் முன்பக்கத்தைக்கூடச் சரிசெய்ய முடியாது.

ஆக, தேர்டு பார்ட்டி கட்டாயம் வேண்டும். அது மட்டும் போதுமா என்பதுதான் கேள்வி. போதாது என்பதற்கு எல்லாரும் சொல்கிற காரணம் டிங்கரிங், பெயிண்டிங் செலவு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று.

உங்கள் காரில் உட்கார்ந்திருக்கிற உங்கள் மனைவியும் பிள்ளைகளும் தேர்டு பார்ட்டி கிடையாது. எங்கள் வட்டாரத்தில் 'ஆக்ட் பாலிசி' என்று சொல்கிற வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் சொந்த காரில் பயணிப்பவர்களுக்கு இடமில்லை. எதிரே வந்த வண்டியின் தவறால் விபத்து நடந்தால் அந்த வண்டியின் காப்பீட்டில் அவர்கள் கேட்கலாம். ஆனால் நீங்களோ ஆக்டிங் டிரைவரோ தூங்கிப்போய் வண்டி புளியமரத்தில் மோதினால்? தீர்ப்பாயம் இழப்பீடு தரச் சொன்னாலும் கம்பெனி கட்டாது, வண்டியின் உரிமையாளர் என்ற முறையில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். காம்ப்ரிஹென்சிவ், அதாவது பேக்கேஜ் பாலிசியில் இந்தப் பயணிகளுக்கும் கம்பெனிதான் பொறுப்பு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் இதைச் சுற்றறிக்கையாகவே சொன்னது. 2012இல் உச்ச நீதிமன்றமும் ஆக்ட் பாலிசியையும் பேக்கேஜ் பாலிசியையும் பிரித்துக் காட்டி இதையே சொன்னது. ஏஜென்டுகள் யாரும் இதைச் சொல்லி பாலிசி விற்று நான் பார்த்ததில்லை.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது நினைவிருக்கலாம். ஈரோட்டிலிருந்து வந்த விபத்து வழக்கு, ஆக்ட் பாலிசி எடுத்த காரில் பயணித்தவரைப் பற்றியது. செப்டம்பர் 1 முதல் விற்கிற புது வண்டிக்கெல்லாம் ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் மூவரையும் சேர்த்து ஐந்து வருடத்துக்கு 'பம்பர் டு பம்பர்' காப்பீடு கட்டாயம் என்றது அந்தத் தீர்ப்பு. நடைமுறையில் சாத்தியமில்லை என்று காப்பீட்டுத் துறை முறையிட்டதும் சில வாரங்களிலேயே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உத்தரவு போனாலும் அது சுட்டிக்காட்டிய ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்று, நீதிமன்றம் அந்தப் பெயரில் சொன்னது காரில் இருக்கும் மனிதர்களை. உங்கள் ஏஜென்ட் அதே பெயரில் விற்பது காரின் பிளாஸ்டிக்கையும் தகரத்தையும். அதை எடுத்துவிட்டால் ஆளுக்கும் சேர்த்து எல்லாமே கவர் ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆளுக்கு வருவோம். உங்களுக்கு, அதாவது உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருப்பவருக்கு, ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம். இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் முழுத்தொகை. ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ போனால் பாதி. வண்டி உங்கள் பெயரில் இருக்க வேண்டும், பாலிசி உங்கள் பெயரில் இருக்க வேண்டும், செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். பைக்குக்கும் காருக்கும் தனித்தனியாக இதை எடுக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே 15 லட்சத்துக்கு எடுத்திருந்தால் சொல்லிவிட்டு இங்கே தவிர்க்கலாம்.

மனைவி ஓட்டும்போது? வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் இந்த 15 லட்சம் அவருக்குப் பொருந்தாது. அவர் தவறாலேயே விபத்து நடந்தால் பயணி என்ற கணக்கிலும் வர மாட்டார். அதனால் பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்து சீட்டுக்குத் தலா ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று போடுவார்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். ஓட்டுகிறவரும் அதில் அடங்குவாரா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மனைவி பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுப்பது நல்லது. அது காரோடு நிற்காமல் எல்லா விபத்துக்கும் உதவும்.

ஆக்டிங் டிரைவருக்கு 'சம்பள ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்பு' என்று ஒரு கூடுதல் கவர் இருக்கிறது. ஐம்பது ரூபாய். அதையும் போடுங்கள். அவருடைய லைசென்ஸை வாங்கிப் பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் காலாவதியான ஆள் ஓட்டி விபத்து நடந்தால், கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கட்டிவிட்டு அதை உங்களிடம் வசூலிக்கும்படி உத்தரவு வாங்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வண்டிச் சேதத்துக்கும் அன்று ஒன்றும் கிடைக்காது.

இப்போது வண்டிக்கு வருவோம். காம்ப்ரிஹென்சிவ் என்பது தேர்டு பார்ட்டியும் 'ஓன் டேமேஜ்' என்கிற சொந்தச் சேதப் பகுதியும் சேர்ந்தது. விபத்து, தீ, திருட்டு, கலவரம், வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் இதில் வரும். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போது ஆகும் சேதமும் சேரும். தேய்மானம், தானாக வந்த மெக்கானிக்கல் கோளாறு, குடித்துவிட்டு ஓட்டியது, ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு விட்டது இவற்றுக்குக் கிடையாது. கடைசியாகச் சொன்னதில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வண்டியைக் கொடுப்பது வேறு, பெட்ரோலுக்கு மேல் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு சவாரி விடுவது வேறு.

வண்டி மொத்தமாகப் போனால் கம்பெனி தருகிற உச்சத் தொகை ஐடிவி. ஷோரூம் விலையில் வயதுக்கேற்ப கழித்துப் போடுவது. மூன்றிலிருந்து நான்கு வயது வரை 40 சதவீதம், நான்கிலிருந்து ஐந்து வரை 50 சதவீதம் கழிப்பார்கள். ரெஜிஸ்ட்ரேஷன், ரோடு டாக்ஸ் சேராது. உங்கள் வண்டி சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது. இதே மாடலின் ஷோரூம் விலை எட்டு லட்சம் என்றால் ஐடிவி நான்கு லட்சமாகவும் இருக்கலாம், 4.8 லட்சமாகவும் இருக்கலாம். பிரீமியம் குறைந்து தெரிய வேண்டும் என்பதற்காகக் குறைந்த ஐடிவியைப் போட்டு கொட்டேஷன் கொடுப்பது சகஜம். மூன்று தாளிலும் அந்த எண்ணைத் தேடுங்கள். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் வண்டிக்குக் கொடுத்த விலையைவிட ஐடிவி ரொம்பக் குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம் உங்கள் நஷ்டம்தான்.

பம்பர் டு பம்பர், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஜீரோ டிப்ரிசியேஷன், என்ன செய்கிறது என்பதற்கு ஒரு மாதிரி பில் போட்டுக் காட்டுகிறேன். சிக்னலில் முன்னால் நின்ற வண்டியில் மோதிவிட்டீர்கள். பம்பர் 6,000, ஹெட்லைட் 9,000, பானெட் 12,000, முன் கண்ணாடி 8,000, லேபர் 9,000, பெயிண்டிங் 8,000. மொத்தம் 52,000. சாதாரண காம்ப்ரிஹென்சிவில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். ஆகவே பம்பரில் 3,000, ஹெட்லைட்டில் 4,500 கழியும். நான்கு வயது தாண்டிய வண்டியின் உலோகப் பாகத்துக்கு 35 சதவீதம் வெட்டு, பானெட்டில் 4,200 போகும். கண்ணாடிக்கும் லேபருக்கும் கழிவு இல்லை. பெயிண்டிங் பில்லில் கால்வாசியைப் பெயிண்ட் விலை என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,000 ரூபாய். கடைசியாகக் கட்டாயக் கழிவு 1,500 சிசி வரை 1,000 ரூபாய். கம்பெனி தருவது 38,300. உங்கள் கையிலிருந்து 13,700. கூலன்ட், ஆயில், நட்டு போல்ட் என்று ஒரு 2,000 இருந்தால் அதுவும் உங்களுடையது.

ஜீரோ டிப்ரிசியேஷன் இருந்தால் அந்த 1,000மும் நட்டு போல்ட் 2,000மும்தான் உங்கள் செலவு. இரண்டாவதையும் தவிர்க்க 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று தனியாக ஒரு ஆட்-ஆன், அதாவது கூடுதல் கவர், விற்கிறார்கள். வண்டிக்கு வயது கூடக்கூட இந்த வித்தியாசம் பெரிதாகும். ஐந்து வயதைத் தாண்டினால் பல கம்பெனிகள் ஜீரோ டிப்ரிசியேஷன் தரவே யோசிக்கும், தந்தாலும் விலை ஏறும். வருடத்துக்கு இத்தனை கிளைம்தான் என்ற வரம்பும் பெரும்பாலும் இருக்கும். உங்கள் ரூ.13,200 தாளில் இரண்டா, கணக்கில்லையா என்று பாருங்கள்.

நீங்கள் முடிச்சூர் என்று எழுதியிராவிட்டால் இதோடு நிறுத்தியிருப்பேன்.

2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் உங்கள் பகுதியில் என்ன செய்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இப்போதெல்லாம் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அதைவிடச் சிக்கனமான காப்பீடு கிடையாது. வெள்ளம் காம்ப்ரிஹென்சிவில் சேரும் என்று மேலே சொன்னேன். ஆனால் எது சேரும்? நின்ற வண்டிக்குள் தண்ணீர் புகுந்து சீட்டும் தரைவிரிப்பும் ஒயரிங்கும் போனால் அது சேரும். தண்ணீருக்குள் வண்டியை ஓட்டியோ, தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகியோ இன்ஜின் போனால் சேராது. காற்று போகிற வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். காற்றை அமுக்குகிற மாதிரி தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வந்து முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் இல்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று கம்பெனி சொல்லும். என்னைப் போன்ற சர்வேயர்களும் ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும். பாலிசி வாசகம் அது. வெள்ள வருடங்களில் மிகப் பெரிய சண்டைகள் எல்லாம் இந்த ஒரு வரியை வைத்துத்தான்.

இதற்கென்றே 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆன் இருக்கிறது. உங்கள் பம்பர் டு பம்பர் தாளில் அது இருக்கிறதா என்று பாருங்கள். தானாகச் சேராது. முடிச்சூர்க்காரர் ஒருவர் ஜீரோ டிப்ரிசியேஷன், இன்ஜின் கவர் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் இன்ஜின் கவரைத்தான் சொல்வேன். பம்பர் போனால் பதினைந்தாயிரம், இன்ஜின் போனால் லட்சத்தைத் தொடும். ஆட்-ஆன் இருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிட்டு, ரெக்கவரி வேன் கூப்பிடுங்கள்.

என் யோசனை இதுதான். வெறும் தேர்டு பார்ட்டி வேண்டாம். காம்ப்ரிஹென்சிவ், அதோடு இன்ஜின் புரொடெக்ட், பயணிகள் விபத்துக் காப்பீடு, ஐம்பது ரூபாய் டிரைவர் கவர். இரண்டு பேர் ஓட்டுகிற, நகர நெரிசலில் தினமும் போகிற வண்டி என்பதால் கையில் பணம் இருந்தால் ஜீரோ டிப்ரிசியேஷனும் சேர்க்கலாம். இந்த ஒரு வருடம்தான் அது நியாயமான விலைக்குக் கிடைக்கும். சாவி தொலைந்தால், டயர் வெடித்தால், பொருள் திருடு போனால் என்று பட்டியல் போட்டு வருகிற மற்றவற்றை விட்டுவிடுங்கள். ரோட்டில் நின்றால் உதவிக்கு வருகிற ஆட்-ஆன் மட்டும் ஊர்ப் பயணம் போகிறவர்களுக்குப் பிரயோஜனம்.

ஆனால் விலை ஏஜென்ட் சொன்னதாக இருக்காது. அந்த 45 சதவீத போனஸ் உங்களுடையது இல்லை. கிளைம் வாங்காத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 என்று ஏறுகிற இந்தத் தள்ளுபடி ஆளுக்குச் சேருவது, வண்டிக்கு இல்லை. நான்கு வருடம் கிளைம் வாங்காதவர் முந்தைய ஓனர். அவர் புதுக் கார் வாங்கினால் அங்கே அதைக் கொண்டுபோவார். சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 என்று வைத்துக்கொண்டால் 45 சதவீதம் 3,600, ஜிஎஸ்டியோடு 4,248. காம்ப்ரிஹென்சிவ் ரூ.9,600 இல்லை, ஏறக்குறைய ரூ.13,850. பம்பர் டு பம்பர் ரூ.17,450ஐத் தொடும். "யார் பார்க்கப்போகிறார்கள்" என்று ஏஜென்ட் சொல்லலாம். பிரீமியம் கட்டும்போது யாரும் பார்க்க மாட்டார்கள்தான். கிளைம் வரும்போது பழைய கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்பார்கள், அன்றைக்குத் தொகையை வெட்டுவார்கள் அல்லது மொத்தமாக மறுப்பார்கள். கையெழுத்துப் போட்டது நீங்கள், ஏஜென்ட் இல்லை.

போனஸை மனதில் வைத்துச் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போடாதீர்கள். நாலாயிரம் ரூபாய் டிங்கரிங்குக்காக ஒரு கிளைம் வாங்கினால் சேர்த்து வைத்த போனஸ் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போய்விடும்.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரூ.50 லட்சம் வரையிலான விவகாரங்களை அவர் பார்ப்பார். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

உங்களைப் போலப் பழைய வண்டி வாங்காமல் புதுக் கார் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்டு பார்ட்டி கட்டாயம் என்பதால் ஷோரூமில் மூன்று வருடத்துக்குப் பணம் வாங்கிவிடுவார்கள். சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். மூன்று வருடத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்து இரண்டாம் வருடம் வெறும் தேர்டு பார்ட்டியோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேத பாலிசியை மட்டும் தனியாக, வேறு கம்பெனியில்கூட எடுக்கலாம். டேஷ்போர்டில் இருக்கும் பாலிசியை எடுத்து இரண்டு தேதிகளையும் பாருங்கள்.

பைக் போனஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காருக்கு வராது. ஒரே வகை வண்டிக்குள் மட்டும்தான் மாற்றலாம். பைக்கை விற்றால் கம்பெனியிடம் போனஸ் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குள் வேறு பைக் வாங்கினால் அங்கே சேர்த்துக்கொள்வார்கள்.